எலுமிச்சையா, ஆரஞ்சா, பம்பளிமாஸா? எதற்கு எதைத் தேர்ந்தெடுப்பது

தினமும் ஒரு புளிப்புப் பழமாவது சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்கு அடுத்து வரும் குழப்பம், எந்தப் பழம் என்பது. சிறுநீரகக் கல் வந்து மீண்டவரிடம் ஒருவர் எலுமிச்சைச் சாறு குடிக்கச் சொல்கிறார். ஆரஞ்சுதான் நல்லது என்கிறார் இன்னொருவர். ரத்தசோகை என்று தெரிந்த பெண்ணுக்கு வீட்டில் சாத்துக்குடி ஜூஸ் பிழிந்து தருகிறார்கள். கொழுப்பு மாத்திரை சாப்பிடும் பெரியவர், பம்பளிமாஸைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்கிறார்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பழத்தைக் கைகாட்ட முடியாது. எலுமிச்சைக் குடும்பத்துப் பழங்கள் பற்றி நடந்த ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் படித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பழத்தின் பெயரைவிட, அதை எவ்வளவு எடுத்துக்கொள்கிறோம், எதோடு சேர்த்துச் சாப்பிடுகிறோம், கூடவே என்ன மருந்து உள்ளே போகிறது என்பவைதான் பலனைத் தீர்மானிக்கின்றன.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் வைட்டமின் சி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி வயது வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 மில்லிகிராம் வேண்டும். 100 கிராமில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு மட்டும் போதாது. நாம் உண்மையில் சாப்பிடும் அளவில் எவ்வளவு கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சோற்றிலும் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சிக்கொள்ளப் பழம் எவ்வளவு உதவுகிறது என்பது. மூன்றாவது, சிறுநீரகக் கல் உருவாகாமல் தடுக்கும் சிட்ரேட், அதாவது சிட்ரிக் அமிலத்தின் உப்பு வடிவம். நான்காவது, பழத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் சர்க்கரையும் உப்பும். ஐந்தாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆனால் ஆபத்து அதில்தான் அதிகம்: மருந்தோடு மோதுமா? பல்லையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

| பழம் | 100 கிராமில் வைட்டமின் சி (சுமார்) | சிட்ரிக் அமிலம் | மறைந்திருக்கும் செலவு | மருந்தோடு மோதல் |
|---|---|---|---|---|
| நம் ஊர் எலுமிச்சை | 30 மி.கி. | மிக அதிகம் | சேர்க்கும் உப்பு, சர்க்கரை. பல் தேய்மானம் | சமையல் அளவில் பொதுவாக இல்லை |
| மஞ்சள் லெமன் (சாறு) | 39 மி.கி. | மிக அதிகம் | விலை; பல் தேய்மானம் | பொதுவாக இல்லை |
| ஆரஞ்சு | 53 மி.கி. | குறைவு, ஆனால் பொட்டாசியம் உண்டு | ஜூஸாக்கினால் சர்க்கரை | மிகச் சில மருந்துகளோடு |
| கமலா | 27 மி.கி. | குறைவு | அதிகம் இல்லை | பொதுவாக இல்லை |
| பம்பளிமாஸ் | 61 மி.கி. | நடுத்தரம் | மருந்து மோதல்தான் | உண்டு, கடுமையாக |
| கிரேப்ஃப்ரூட் | 31 முதல் 33 மி.கி. | நடுத்தரம் | மருந்து மோதல்தான் | உண்டு, கடுமையாக |

சாத்துக்குடி தாவரவியல்படி இனிப்பு ஆரஞ்சு வகையைச் சேர்ந்தது. அதனால் ஆரஞ்சுக்குச் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

எலுமிச்சை

வெளிநாட்டு ஆய்வுகளைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆய்வு செய்த பழம் பெரும்பாலும் தடித்த தோல் கொண்ட பெரிய மஞ்சள் லெமன். புளியங்குடிச் சந்தையில் மூட்டை மூட்டையாக இறங்கும் நம் எலுமிச்சை வேறு இனம். மெக்ஸிகோவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் விளையும் சிறிய, மெல்லிய தோல் பழம்தான் அதன் இனம். 2018-ல் வெளியான மரபணு ஆய்வு இரண்டின் பிறப்பையும் பிரித்துக் காட்டியது. கடார நாரத்தை இனத்தோடு புளிப்பு ஆரஞ்சு கலந்து பிறந்தது லெமன். அதே நாரத்தையோடு தென்கிழக்காசியாவின் ஒரு காட்டுச் சிட்ரஸ் இனம் கலந்து பிறந்தது நம் வகை.

இந்த வேறுபாட்டுக்குப் பிரிட்டிஷ் கடற்படை பெரிய விலை கொடுத்தது. 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயால் ஈறு வீங்கிக் கிடந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான சிகிச்சை கொடுத்துப் பார்த்தார். தினம் இரண்டு ஆரஞ்சும் ஒரு லெமனும் பெற்ற இருவர்தான் விரைவாகத் தேறினார்கள். 1795 முதல் கடற்படை லெமன் சாறு வழங்கத் தொடங்கியது, ஸ்கர்வி மறைந்தது. 1860-களில், தங்கள் காலனியில் கிடைக்கிறதே என்று மேற்கிந்தியத் தீவுகளின் சிறு எலுமிச்சைக்கு மாறினார்கள். 1875-ல் ஆர்க்டிக் பகுதிக்குப் புறப்பட்ட பயணக் குழுவில் அந்தச் சாறு இருந்தும் ஸ்கர்வி திரும்பி வந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் லண்டனில் நடந்த ஆய்வுதான், சிறு எலுமிச்சைச் சாற்றின் ஸ்கர்வி தடுக்கும் திறன் லெமன் சாற்றில் ஏறக்குறைய கால் பங்குதான் என்று காட்டியது. இன்றைய அளவீடுகளில் புதுச்சாறுகளுக்கு இடையே அவ்வளவு பெரிய இடைவெளி இல்லை. நாள்கணக்கில் சேமித்து வைத்ததும், காற்றும் செம்பும் பட்டதும் அந்தச் சாற்றில் இருந்த கொஞ்சநஞ்சத்தையும் அழித்துவிட்டன.

இப்போது நம் சமையலறைக் கணக்குக்கு வருவோம். ஒரு சிறிய எலுமிச்சம்பழத்தை நன்றாகப் பிழிந்தால் ஏறக்குறைய 20 மில்லி சாறு கிடைக்கும். அதில் இருக்கும் வைட்டமின் சி சுமார் 6 மில்லிகிராம்தான். ஒரு பெண்ணின் அன்றாடத் தேவையை இதிலிருந்து மட்டும் பெற வேண்டும் என்றால் பத்துப் பதினோரு பழம் பிழிய வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் அரை மூடி பிழிந்து குடித்துவிட்டு, அன்றைய வைட்டமின் சி கிடைத்துவிட்டது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். கிடைப்பது 3 மில்லிகிராம். வைட்டமின் சி மட்டும்தான் நோக்கம் என்றால், நாம் உண்மையில் எடுத்துக்கொள்ளும் அளவில் எலுமிச்சை இந்தப் பட்டியலில் கடைசி. சொல்லப்போனால், சிட்ரஸ் குடும்பத்திலேயே சேராத கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கிறது.

இரும்புச்சத்து விஷயத்தில் நம் வகை எலுமிச்சையை வைத்தே மெக்ஸிகோவில் இரண்டு ஆய்வுகள் நடந்தன. இரண்டும் 2003-ல் வெளியாயின. முதல் ஆய்வில், இரும்புச்சத்துக் குறைந்த பெண்கள் சாப்பாட்டோடு 25 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ள எலுமிச்சைப் பானத்தை நாளுக்கு இரண்டு வேளை குடித்தார்கள். இரும்பு உறிஞ்சப்படும் அளவு மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்தது. இரண்டாவது ஆய்வில் அதே முறையை எட்டு மாதம் தொடர்ந்து பார்த்தார்கள். முடிவில் அந்தப் பெண்களின் ரத்தத்தில் இரும்புச்சத்து நிலை மேம்படவில்லை.

இரண்டையும் சேர்த்துப் படிப்பதுதான் நேர்மை. வைட்டமின் சி இரும்பை உடல் ஏற்கும் வடிவுக்கு மாற்றுகிறது. தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதைத் தடுக்கிறது. இதில் ஐயம் இல்லை. ஆனால் தட்டில் இரும்பே குறைவாக இருந்தால், உறிஞ்சும் திறன் கூடியும் பெரிய பயன் இல்லை. 25 மில்லிகிராம் என்பது நம் கணக்கில் ஏறக்குறைய நான்கு பழச் சாறு என்பதையும் கவனியுங்கள். கேழ்வரகுக் களியோடும் கீரையோடும் எலுமிச்சை சேர்ப்பது நல்ல பழக்கம். ரத்தசோகைக்கு அதுவே சிகிச்சை என்று நினைத்துக்கொண்டு மருத்துவரிடம் போகாமல் இருப்பதுதான் தவறு.

எலுமிச்சை சாதத்துக்குச் சாற்றைத் தாளிப்போடு கொதிக்க விடாமல், அடுப்பை அணைத்துச் சோறு சற்று ஆறியபின் பிழிவது நம் வீடுகளில் கசக்காமல் இருப்பதற்காகச் செய்வது. வைட்டமின் சி வெப்பத்தில் அழியும் என்பதால் அதே பழக்கம் சத்தையும் காக்கிறது. பிரான்ஸில் 2021-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ரொட்டியோடு லெமன் சாறு குடித்தவர்களுக்கு ரத்தச் சர்க்கரையின் உச்சம் சுமார் 30 விழுக்காடு குறைந்தது; உச்சத்தை எட்டவும் அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமானது. மாவுச்சத்தைச் சிதைக்கும் உமிழ்நீர் நொதியைப் புளிப்பு நிறுத்துவதே காரணம் என்கிறார்கள். கலந்துகொண்டவர்கள் 10 பேர்தான். சோற்றை வைத்துச் சோதிக்கவும் இல்லை. இதை நம்பிச் சர்க்கரை மாத்திரையைக் குறைத்துவிடக் கூடாது.

எலுமிச்சையின் உண்மையான பலம் சிட்ரிக் அமிலத்தில் இருக்கிறது. ஒரு லிட்டர் சாற்றில் 45 கிராமுக்குக் குறையாமல் இருக்கும். சிட்ரேட் சிறுநீரில் கால்சியத்தோடு சேர்ந்துகொண்டு, அது ஆக்சலேட்டோடு இணைந்து கல்லாகாமல் தடுக்கிறது. இத்தாலியின் பெர்காமோ நகர ஆய்வாளர்கள், திரும்பத் திரும்பக் கல் வந்த 203 நோயாளிகளில் ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான உணவுமுறையோடு நாளுக்கு இரண்டு வேளை 60 மில்லி புதிய லெமன் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. சாறு குடித்த பிரிவில் மீண்டும் கல் வந்தவர்கள் குறைவுதான். ஆனாலும் அந்த வேறுபாடு புள்ளியியல் கணக்கில் உறுதிப்படவில்லை. ஓராண்டுக்குப் பின்னும் ஒழுங்காகக் குடித்தவர்கள் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டாண்டு முடிவில் பாதிப் பேர்கூட இல்லை. வயிற்று உபாதைகளும் சாறு குடித்தவர்களிடம் அதிகம்.

நாளுக்கு 120 மில்லி என்றால் நம் பழத்தில் ஆறு. அதை ஆண்டுக்கணக்கில் ஒருவர் குடிப்பது எளிதல்ல. கோடையில் விலை ஏறும்போது இன்னும் கடினம். அதோடு, நம் ஊரில் எலுமிச்சைச் சாறு தனியாகக் குடிக்கப்படுவதே இல்லை. ஒன்று உப்பு, இல்லையென்றால் சர்க்கரை. உப்புக் கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடும். கல் வராமல் இருக்கக் குடிக்கும் பானமே கல்லுக்கு வழி செய்யும். கல் நோயாளிகள் உப்புச் சோடாவைத் தவிர்ப்பது நல்லது. பி.எச். எண் குறையக் குறைய அமிலம் அதிகம். பல் எனாமல் கரையத் தொடங்குவது பி.எச். 5.5 அளவில்; எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2 முதல் 2.5 வரை. நீர் நிறையக் கலந்து குடியுங்கள், பின் வாயைக் கொப்பளியுங்கள், உடனே பல் துலக்காதீர்கள்.

அழகுக்காக முகத்தில் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போவது வேண்டவே வேண்டாம். எலுமிச்சையில் உள்ள ஒரு வகை வேதிப்பொருள் சூரிய ஒளி பட்டதும் தோலைக் கொப்பளிக்க வைக்கும்; கருந்தழும்பு நாள்பட நிற்கும்.

ஆரஞ்சும் சாத்துக்குடியும்

ஒரு நடுத்தர ஆரஞ்சை உரித்துச் சுளையாகச் சாப்பிட்டால் ஏறக்குறைய 70 மில்லிகிராம் வைட்டமின் சி கிடைக்கிறது. உப்பும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். ஒரு பழத்தில் வேலை முடிந்துவிடுகிறது. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு சாப்பிட்டால் இரும்புச்சத்துக்கும் அது உதவும். எலுமிச்சையைவிட இந்த இரண்டிலும் இது தெளிவாக முன்னால் நிற்கிறது.

கல் விஷயத்தில் பலரும் எதிர்பார்க்காத முடிவு டல்லாஸில் 2006-ல் நடந்த ஆய்வில் வந்தது. ஒரே அளவு சிட்ரேட் தரும்படி ஆரஞ்சுச் சாற்றையும் லெமன் பானத்தையும் ஒரே ஆட்களுக்கு வெவ்வேறு வாரங்களில் கொடுத்தார்கள். சிறுநீரில் சிட்ரேட்டை உயர்த்தியதும், அதன் அமிலத்தன்மையைக் குறைத்ததும் ஆரஞ்சுச் சாறுதான். லெமன் பானத்தால் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆரஞ்சில் சிட்ரேட் பொட்டாசியத்தோடு இணைந்து வருகிறது. அதனால் உடலில் காரத்தன்மை கூடுகிறது. சிறுநீரகம் சிட்ரேட்டை வெளியே விடுகிறது. லெமனில் அது அமிலமாகவே வருகிறது. காரமும் அமிலமும் ஒன்றையொன்று சமன் செய்துவிடுகின்றன. யூரிக் அமிலக் கல் உள்ளவர்களுக்குச் சிறுநீரின் அமிலத்தன்மை குறைவதே பெரிய உதவி என்பதால், அவர்களுக்கு இந்த முடிவு கூடுதலாகப் பொருந்தும்.

செலவு என்ன? அந்த ஆய்வில் நாளுக்கு மூன்று வேளை 400 மில்லி, மொத்தம் 1.2 லிட்டர் சாறு குடித்தார்கள். அதில் ஏறக்குறைய 100 கிராம் சர்க்கரை உள்ளே போகும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இது வழியே அல்ல. சிறுநீரில் ஆக்சலேட்டும் ஓரளவு கூடியது. சிறுநீரகச் செயல்பாடு குறைந்து பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள் ஆரஞ்சு, சாத்துக்குடிச் சாற்றை மருத்துவரைக் கேட்காமல் குடிக்கவே கூடாது. நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஒரு கிலோ சாத்துக்குடி வாங்கிப் போவது நம் வழக்கம். சிறுநீரக நோயாளியைப் பார்க்கப் போகும்போது மட்டும் அந்தப் பையைத் தவிர்த்துவிடுங்கள்.

ஜூஸ் கடையில் சாத்துக்குடியைப் பிழிந்து, சக்கையை எறிந்து, மூன்று கரண்டி சர்க்கரையும் ஐஸும் போட்டுத் தருகிறார்கள். மூன்று பழத்தின் சர்க்கரையோடு அதுவும் சேர்ந்து ஒரு நிமிடத்தில் உள்ளே இறங்குகிறது. சுளையாகச் சாப்பிட்டால் அந்த மூன்று பழத்தை ஒரே மூச்சில் யாரும் சாப்பிட மாட்டார்கள். அத்தோடு நார்ச்சத்தும், தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைப் பகுதியில் நிறைந்திருக்கும் ஹெஸ்பெரிடின் என்ற பொருளும் சக்கையோடு போய்விடுகின்றன. டப்பாவில் அடைத்து விற்கும் பழப் பானங்களில் பழம் எவ்வளவு என்று லேபிளைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு மருந்தை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வாமைக்குத் தரப்படும் ஃபெக்ஸோஃபெனடின் மாத்திரையை ஆரஞ்சுச் சாற்றோடு விழுங்கினால் மருந்து உடலில் சேர்வது குறைந்துவிடும். தண்ணீரோடு விழுங்குங்கள்.

பம்பளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும்

வைட்டமின் சி கணக்கில் பம்பளிமாஸ்தான் முதலிடம். சர்க்கரையும் அதிகம் இல்லை. எந்த மருந்தும் சாப்பிடாத ஒருவருக்கு இதைவிட நல்ல பழம் சொல்வது கடினம். ஆனால் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நிலைமை தலைகீழ்.

கனடாவில் 1989-ல் டேவிட் பெய்லி குழுவினர், ஃபெலோடிபைன் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தார்கள். மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு உயர்ந்தது. தேடிப் பார்த்தபோது காரணம் மது அல்ல, சாறு. அந்தப் பழத்தில் உள்ள ஃபியூரனோகூமரின்கள் என்ற வேதிப்பொருள்கள், குடலில் மருந்தைச் சிதைக்கும் ஒரு நொதியை நிரந்தரமாக முடக்கிவிடுகின்றன. உடல் புதிய நொதியை உருவாக்கும்வரை, அதாவது ஒரு நாளுக்கும் மேல், விளைவு நீடிக்கும். காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரித்துக்கொண்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கிரேப்ஃப்ரூட் என்பது பம்பளிமாஸும் இனிப்பு ஆரஞ்சும் கலந்து மேற்கிந்தியத் தீவுகளில் பிறந்த கலப்பினம். அந்த வேதிப்பொருள் அதற்குப் பம்பளிமாஸ் வழியாக வந்தது. எனவே எச்சரிக்கை இரண்டுக்கும் ஒன்றுதான். கொழுப்பு மருந்துகளான சிம்வாஸ்டாடின், அட்டோர்வாஸ்டாடின், ரத்த அழுத்த மருந்துகளான நிஃபெடிபைன், ஃபெலோடிபைன், உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் தரப்படும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகியவை இந்த வரிசையில் வருகின்றன. கொழுப்புக்கு ரோசுவாஸ்டாடின் சாப்பிடுபவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பம்பளிமாஸ் உங்களுக்கு அவ்வளவு பிடிக்கும் என்றால், மருந்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடமே கேட்கலாம்.

கல் உள்ளவர்களுக்கும் கிரேப்ஃப்ரூட் சாற்றைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. அமெரிக்காவில் 80,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களைத் தொடர்ந்து கவனித்து 1998-ல் வெளியிட்ட ஆய்வில், தினம் ஒரு கோப்பை கிரேப்ஃப்ரூட் சாறு குடித்தவர்களிடம் கல் வரும் வாய்ப்பு 44 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

உப்பு நார்த்தங்காய்

தயிர் சாதத்துக்கு ஒரு துண்டு என்ற அளவில் சுவைக்காகச் சாப்பிடுங்கள். சத்துக்காகச் சாப்பிட இதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. வெயிலில் காய்வதில் வைட்டமின் சி போய்விடுகிறது, உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. ரத்த அழுத்தமோ கல்லோ இருந்தால் அந்த ஒரு துண்டும் வேண்டாம்.

யாருக்கு எது

சளி பிடிக்காமல் இருக்கத்தான் பழம் என்றால், எந்தப் பழமும் பெரிதாகக் காப்பாற்றாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பீட்டின்படி, தினமும் வைட்டமின் சி எடுத்துக்கொண்டாலும் பொதுமக்களுக்குச் சளி வருவது குறையவில்லை. வந்த சளி நீடிக்கும் காலம் மட்டும் பெரியவர்களிடம் சுமார் 8 விழுக்காடு குறைந்தது. பொதுவான உடல்நலத்துக்கு ஒரு ஆரஞ்சு அல்லது சாத்துக்குடி, சுளையாக. மருந்து எதுவும் இல்லை என்றால் பம்பளிமாஸ் அதைவிட நல்லது.

கால்சியம் கல் வந்து, சர்க்கரை நோய் இல்லாதவருக்கு ஆரஞ்சுச் சாறு ஒரு கோப்பை, உணவோடு. சர்க்கரை நோயும் இருந்தால் உப்பும் சர்க்கரையும் இல்லாமல் நீர் நிறையக் கலந்த எலுமிச்சைச் சாறு. லெமன் பானத்தின் பலனில் ஒரு பகுதி, அதோடு உள்ளே போகும் தண்ணீரால்தான் வருகிறது. மருத்துவர் பொட்டாசியம் சிட்ரேட் எழுதித் தந்திருந்தால், பழத்தை நம்பி அதை நிறுத்தாதீர்கள்.

ரத்தசோகைக்கு உணவில் இரும்பைக் கூட்டுங்கள். சாப்பாட்டோடு ஆரஞ்சோ கொய்யாவோ இருக்கட்டும். சாப்பிட்டவுடன் காபி, டீ வேண்டாம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருந்தது. அதனால் இந்தக் கேள்வி ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் உரியது. இரும்பு மாத்திரை சாப்பிடத் தொடங்கிவிட்டவர்கள், அதை எலுமிச்சைச் சாற்றோடுதான் விழுங்க வேண்டும் என்று சிரமப்பட வேண்டியதில்லை. சீனாவில் 440 நோயாளிகளிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், இரும்பு மாத்திரையோடு வைட்டமின் சி சேர்த்துக் கொடுத்தவர்களுக்கும் வெறும் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஒரே அளவில்தான் ஏறியது. வெறும் வயிற்றில் புளிப்பு ஒத்துக்கொள்ளாமல் மாத்திரையையே நிறுத்திவிடுவதைவிட, தண்ணீரோடு விழுங்கி நாள் தவறாமல் தொடர்வது மேல்.